பிங்க் ஃப்ளாய்ட் நேரலை: பொம்பெயியா, பல்ஸா?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் 2008-இல் மறைந்தார். இனி அந்தக் குழுவை முழுதாக மேடையில் பார்க்க முடியாது. இருப்பது ‘பொம்பெயி’, ‘பல்ஸ்’ போன்ற கச்சேரிப் படப் பதிவுகள்தான். எதில் தொடங்கலாம்?

ஆட்கள்: பொம்பெயியில் (1971) வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் என்று குழுவின் நால்வரும். பல்ஸில் (1994) வாட்டர்ஸ் இல்லை.

கூட்டம்: பொம்பெயியில் பார்வையாளரே கிடையாது, பழைய ரோமானிய அரங்கின் கல்லும் வெயிலும்தான். பல்ஸில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் நிரம்பி வழிகிறது. வட்டத்திரை, லேசர், கில்மோரின் கிட்டார் உச்சத்துக்குப் போகும்போது எழும் ஆரவாரம்... உடம்பு சிலிர்த்துவிடும்.

நீளம்: பொம்பெயி சின்னது, பல்ஸ் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் முழுவதும் பல்ஸில் உண்டு.

ரசிகர் கூட்டத்தில் நின்ற உணர்வு வேண்டுமா, பல்ஸ். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு வாசிப்பதைப் பார்க்க வேண்டுமா, பொம்பெயி. எனக்கு அதுதான் உயிர், அதிலும் ‘எக்கோஸ்’ பாடல்.