தேங்காய் மணக்கும் பீரும் பழுதான குளிர்பெட்டியும்

“மாமா, இந்தத் தடவை எதைக் கொண்டு வரட்டுமுங்க?” என்று அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் சென்ற வாரம் கேட்டான். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் மது வரை கொண்டுவரலாம் என்பதால், அரை லிட்டர் புட்டிகள் என்றால் நான்கு. ஆறு ஆண்டுகளாக அவன் சுமந்து வரும் அந்தப் புட்டிகளை வைத்துக்கொண்டுதான், பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில், நானும் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் ஒருவரும் கோபாலபுரத்துத் தோப்புக்காரர் ஒருவரும் ஓக் பீப்பாயில் முதிர்ந்த பீர்களை ஒப்பிட்டுப் பார்த்து வருகிறோம். ஒவ்வொரு முறையும் உடனே பதில் சொல்லிவிடும் நான் இம்முறை நான்கு நாள் இழுத்தடித்தேன். காரணம், ஏப்ரலில் பழுதாகி மே மாதம் சரிசெய்யப்பட்ட ஒரு குளிர்பெட்டி.

ஸ்டவுட் என்றால் வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர், போர்பன் என்றால் மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கும் அமெரிக்க விஸ்கி. போர்பன் பீப்பாயில் ஸ்டவுட்டை ஊறவைக்கும் கதையை அதிகம் விரித்துச் சொல்லத் தேவையில்லை. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ப்ரூவரி (பீர் ஆலை) 1990களில் ஜிம் பீம் விஸ்கி பீப்பாய்களில் கறுப்பு ஸ்டவுட்டை நிரப்பிப் பெயர் வாங்கிய பிறகு, அந்த நாட்டில் அதைச் செய்யாத ப்ரூவரி குறைவு. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் முதிரவைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட, ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் மறுமுறை போர்பனுக்கு ஆகாது என்பதால் அது ஸ்காட்லாந்து விஸ்கிக்கும் ரம்முக்கும் பீருக்கும் போய்ச் சேருகிறது. மரத்தில் ஊறி நிற்கும் விஸ்கியும், கருக்கியபோது மரம் விட்ட வெனிலா மணமும், கருக்கிய சர்க்கரையின் கசப்பு கலந்த இனிப்பும் பீரில் இறங்குகின்றன. இவற்றோடு இன்னொன்றும் இறங்குகிறது. என் ஆறு ஆண்டு வழக்கு முழுவதும் அந்த ஒன்றின் மீதுதான்.

ஓக் மரத்தில் இயல்பாக உள்ள லாக்டோன் என்ற சேர்மத்துக்குத் தேங்காய் மணம். ஐரோப்பிய ஓக்கைவிட அமெரிக்க வெள்ளை ஓக்கில் அது அதிகம். மேல்நாட்டு ரசிகர்கள் இந்த மணத்தைக் கண்டதும் வெப்பமண்டலத் தீவு, கடற்கரை என்று உருகிவிடுகிறார்கள். நான் பிறந்தது கொப்பரைக் களத்தை ஒட்டிய வீட்டில். உடைத்த தேங்காய் மூன்றாம் நாள் வெயிலில் சுருங்கிச் சிரட்டையை விட்டுக் கழன்று வரும்போது எழும் அந்த இனிப்பு கலந்த எண்ணெய் நெடி, பள்ளிச் சட்டையிலிருந்து தலையணை வரை ஒட்டியிருக்கும். பொள்ளாச்சிக்குப் போய்ச் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தாலும் பக்கத்து இருக்கைக்காரர் நாம் யார் என்று கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட ஒருவன், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த, நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சாராயச் செறிவுள்ள, விலையைக் கேட்டால் வயிறு எரியும் ஒரு பீரைப் பயபக்தியோடு திறந்து மூக்கருகே கொண்டுபோனால், அங்கே தன் தகப்பனாரின் களம் காய்கிறது. முதல் புட்டியைத் திறந்த இரவு நான் கிளாஸை மாற்றச் சொன்னேன். கழுவிய கையில் எண்ணெய் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

நாங்கள் ஆண்டுதோறும் வரவழைக்கும் அந்த ஸ்டவுட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் குறை அந்த ப்ரூவரி மீது அல்ல, மரத்தின் மீது. பிறகு என் மூக்கின் மீது. நியாயமாகச் சொன்னால் அது மிக நன்றாகச் செய்யப்பட்ட பீர். கருப்பட்டியைப் பாகு காய்ச்சும்போது அடிபிடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் வரும் மணம் அதில் உண்டு. கிளாஸின் ஓரத்தில் பழுப்பாகப் படிந்து மெல்ல வழியும் கனமும், விழுங்கியபின் நெஞ்சில் விஸ்கியின் சூடும் உண்டு. தோப்புக்காரர் அதைக் குடிக்கும்போது பேசவே மாட்டார். பேச்சே தொழிலாக வாழும் மனிதர் அவர்.

இதற்கு எதிர்த்திசையில் நிற்பது பெல்ஜியத்தின் ரூசலாரே நகரத்து ரோடன்பாக் கிராண்ட் க்ரூ என்ற புளிப்பு பீர். 1821இல் தொடங்கிய ப்ரூவரி ரோடன்பாக். ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயரமான ஓக் தொட்டிகள் 294 அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சில நூற்றைம்பது வயதைத் தாண்டியவை என்பதால் மரத்திலிருந்து இனிமேல் இறங்குவதற்கு வெனிலாவும் இல்லை, தேங்காயும் இல்லை. அங்கே மரம் நுண்ணுயிர்களின் வீடு, காற்றைச் சிறுகச் சிறுக உள்ளே விடும் வாசல், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு முதிர்ந்த பீர் மூன்றில் இரண்டு பங்கும் இளம் பீர் ஒரு பங்கும் கலந்தது கிராண்ட் க்ரூ. சாராயச் செறிவு நூற்றுக்கு 6 மட்டுமே. முதல் மடக்கில் புளிப்பு, அடுத்ததில் பழுத்த கொடுக்காப்புளியின் துவர்ப்பு கலந்த இனிப்பு, முடிவில் வினிகரின் ஒரு கீற்று. கள் இறக்கும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் வாழ்பவனுக்கு இந்தப் புளிப்பு அந்நியமே அல்ல. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் எந்தத் திசையில் திரும்பும் என்பதை நாக்கு சின்ன வயதிலிருந்தே அறியும். கள் ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும் எல்லையில் இந்த பீரை இரண்டு ஆண்டு பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். 1987 முதல் கள் இறக்கத் தடையுள்ள தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கள்ளு ஷாப்புக்கு வருபவர்களில் சிலருக்காவது இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸ்காட்லாந்தின் இன்னிஸ் அண்ட் கன் பற்றி ஒரு வரி போதும். விஸ்கிப் பீப்பாயைப் பதப்படுத்துவதற்காக ஊற்றிப் பிறகு கொட்டிவிடும் பீரை வேலையாட்கள் ருசித்துப் பார்த்ததில் பிறந்த, 2003இல் சந்தைக்கு வந்த பீர் அது. மென்மையானது, யாருக்கும் தொந்தரவு தராதது, அதனாலேயே எங்கள் திண்ணையில் அதைப் பற்றி எவரும் சண்டை போட்டதில்லை.

இனிக் குளிர்பெட்டிக்கு வருகிறேன். பீப்பாயில் முதிர்ந்த வலுவான பீரை வாங்கிவைத்து ஆண்டுக்கொன்றாகத் திறப்பதுதான் ரசிகர்களின் மரபு. பன்னிரண்டு, பதின்மூன்று பாகை செல்சியஸில் இருட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. அதை நம்பி ஒயின் புட்டிகளுக்கான சிறிய குளிர்பெட்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர் சொல்லாத செய்தி, அதில் கம்ப்ரசர் கிடையாது, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தட்டுதான் குளிர்விக்கிறது என்பது. அந்த வகைப் பெட்டியால் வெளி வெப்பத்தைவிடச் சுமார் பதினைந்து, இருபது பாகைதான் இறங்க முடியும். வாளையாற்றுக் கணவாய் வழியாக அனல் வீசும் மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் நாற்பதைத் தொடும். எங்கள் ஓட்டு வீட்டின் உள்ளறையே முப்பத்தாறு இருக்கும். முகப்பில் 12 என்று பச்சை எழுத்து ஒளிர, உள்ளே வாத்தியார் வைத்த வெப்பமானி 21 காட்டியது. இந்த ஏப்ரலில் தட்டே செயலிழந்தது. மின்விசிறி மட்டும் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்ததால் மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. சித்தூரிலிருந்து வந்த மெக்கானிக், “ஃபேன் ஓடுதுங்க, தட்டுதான் செத்துப்போச்சு. நம்மூரு வெயிலுக்கு இது ஆகாதுங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஆகாத அதே தட்டின் புதியதொன்றை மாட்டி 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

நல்லவேளையாக, அதே தொகுப்பைச் சேர்ந்த ஸ்டவுட் ஒன்றைச் சமையலறை ஃப்ரிட்ஜில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைக்கும்படி வாத்தியார் முன்பே வற்புறுத்தியிருந்தார். ஜூன் மாத முதல் மழையன்று இரண்டையும் அருகருகே ஊற்றினோம். ஃப்ரிட்ஜ் புட்டி வாங்கிய ஆண்டில் இருந்தபடியே இருந்தது. முதிரவும் இல்லை, கெடவும் இல்லை. வெந்துபோன புட்டியில் நுரை எழவில்லை, கருப்பட்டி மணம் போய்ச் சோயா சாஸ் வந்திருந்தது, பின்னால் ஈர அட்டைப் பெட்டியின் வாடை. விஸ்கியின் சூடுகூடத் தட்டையாகிவிட்டது. எல்லாம் போயும் தேங்காய் மட்டும் போகவில்லை. மழையில் நனைந்து காறிப்போன கொப்பரையாக, அதன் முழு ஆகிருதியோடு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளாஸை வாசல் தென்னைக்கு ஊற்றினேன். “சொந்தக்காரங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்” என்றார் தோப்புக்காரர். அதே பெட்டியில் அதே மூன்று வாரம் வெந்த ரோடன்பாக், நிறம் சற்று ஆழ்ந்து, உலர்திராட்சை வாசம் கொஞ்சம் ஏறி, புளிப்பு குலையாமல் வந்தது. அதை மூவரும் மறுபேச்சில்லாமல் முடித்தோம்.

ஆகவே என் மதிப்பெண், ரோடன்பாக்குக்குப் பத்துக்கு ஒன்பது, ஸ்டவுட்டுக்கு ஆறு. ஸ்டவுட் நம் ஊரில் சேமித்து வைப்பதற்கான பண்டமல்ல. அதன் முதுமைக் காலத்தைப் பீப்பாயிலேயே கழித்துவிட்டுத்தான் புட்டிக்குள் வருகிறது என்பது என் எண்ணம். வந்த மாதமே குடித்துவிட வேண்டும், இல்லையேல் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி மடித்துவைத்துவிட்டு அக்கா மகனுக்கு நேற்று பதில் அனுப்பினேன். நான்கும் அந்த ஸ்டவுட்டே வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வாத்தியார் என்னை விசித்திரமாகப் பார்த்தார். தகப்பனாரின் களத்தைச் சென்ற ஆண்டு விற்றுவிட்டோம். இப்போது அங்கே செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். குளிர்பெட்டியில் மாவடு ஜாடி இருக்கிறது, அதற்கு 21 பாகை போதும்.