இரண்டு ஸ்விட்ச், ஒரு நாஸ்: கேபிள் அறுந்தால் தாங்குகிறது, ஸ்விட்ச் திரும்பி வந்தால் விழுகிறது

நாஸ் பெட்டியின் (நெட்வொர்க் வழியாக டிஸ்க் இடம் தரும் சேமிப்புப் பெட்டி) விலை இறங்கியதும் "இப்போ வாங்கலாமா?" என்ற கேள்வி பல பக்கத்திலிருந்தும் வருகிறது. இரட்டை 10ஜி போர்ட் உள்ள நடுத்தர நாஸ் பெட்டி, ஸ்டாக்கிங் (இரண்டு ஸ்விட்சை ஒன்றாக நடத்தும்) வசதி இல்லாத இரண்டு ஸ்விட்ச், விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டும் லினக்ஸ் சர்வர்கள். இந்த அமைப்பை மூன்று ஆண்டு ஓட்டிய அனுபவத்தில் எழுதுகிறேன். வேகம், ரெய்ட், ஸ்னாப்ஷாட் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கேபிளைப் பிடுங்கினால் அடுத்த போர்ட்டுக்கு ஒரு நொடிக்குள் தாவுகிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எரிச்சல் அங்கே இல்லை, திரும்பி வரும் இடத்தில் இருக்கிறது.

முதல் ஸ்விட்சை ஃபர்ம்வேர் அப்டேட்டுக்காக ரீபூட் செய்கிறீர்கள். நாஸ் இரண்டாவது ஸ்விட்சுக்கு மாறிவிடுகிறது, எந்த விஎம்-முக்கும் தெரியக்கூட இல்லை. சில நிமிடத்தில் முதல் ஸ்விட்ச் எழுந்ததும் எல்லா விஎம்-மும் உறைகின்றன. காரணம் எளிது. பல ஸ்விட்சுகளில் பூட் முடியுமுன்பே போர்ட்டின் லிங்க் மேலே வந்து விளக்கு எரிந்துவிடும். உள்ளே பாக்கெட்டை அனுப்பும் வேலை இன்னும் தொடங்கியிருக்காது. நாஸின் ஆக்டிவ்-பேக்கப் பாண்டிங் (இரண்டு போர்ட்டைச் சேர்த்துக் கட்டி, ஒன்றை ஓட்டி மற்றதைக் காத்திருக்க வைக்கும் முறை) 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை லிங்க்கை மட்டும்தான் பார்க்கிறது. பச்சை தெரிந்ததும் பிரைமரி போர்ட்டுக்கே ஓடிவிடுகிறது. அதன்மேல் ஸ்விட்சில் பழைய ஸ்பானிங் ட்ரீ (பாக்கெட் வட்டமடிப்பதைத் தடுக்கும் நெறிமுறை) ஓடினால் லிஸனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி, ஆக மொத்தம் இன்னும் 30 நொடி. விஎம்-முக்குள் எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்கின் டைம்அவுட்டும் வழக்கமாக 30 நொடிதான். அதைத் தாண்டி மறுமுயற்சிகளும் தோற்றால் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகிவிடும்.

மாறியதும் "இனி இங்கே இருக்கிறேன்" என்று நாஸ் அனுப்பும் ஏஆர்பி அறிவிப்பும் இந்த இடைவெளியில்தான் தொலைகிறது. லினக்ஸ் பாண்டிங்கில் அதன் இயல்பு எண்ணிக்கை 1. அது போனால், நாஸிலிருந்து வேறு ஏதாவது பாக்கெட் வெளியே வரும்வரை மற்ற ஸ்விட்ச் பழைய மேக் முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) பதிவையே நம்பிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவு தானாக அழிய வழக்கமாக 300 நொடி.

மருந்து லினக்ஸ் பாண்டிங்கிலேயே இருக்கிறது. பிரைமரி ரீசெலக்ட் என்பதை 'ஃபெயிலியர்' என்று வைத்தால், இப்போது ஓடும் போர்ட் சாகும்வரை பழைய இடத்துக்குத் திரும்பாது. அப்டிலே 120000 மில்லிசெகண்ட் வைத்தால், லிங்க் வந்த பிறகும் இரண்டு நிமிடம் பொறுக்கும்; இந்த எண் மானிட்டர் இடைவெளியின் மடங்காக இருக்கவேண்டும். வேறு எந்த போர்ட்டும் உயிரோடு இல்லாதபோது இந்தக் காத்திருப்பை அது பொருட்படுத்தாது, அதனால் பயமில்லை. சர்வர் பக்கம் இரண்டையும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். நாஸின் வெப் திரையிலோ "ஆக்டிவ்-பேக்கப்" என்ற ஒரே தேர்வுதான். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் மாற்றினால் அடுத்த ஃபர்ம்வேர் அப்டேட்டில் அழிந்துபோகிறது. மூன்று ஆண்டாக ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இதே வேலை. இரண்டு வரி அமைப்பைத் திரைக்குக் கொண்டுவர ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு காலமா வேண்டும்?

எல்ஏசிபி (பல கேபிளை ஒரே இணைப்பாகக் கட்டும் நெறிமுறை) போட்டுவிடலாமே என்பார்கள். எம்-லாக் (இரண்டு ஸ்விட்சை ஒன்றுபோலக் காட்டும் வசதி) அல்லது ஸ்டாக்கிங் இல்லாத இரண்டு ஸ்விட்சுகள் அதன் கண்ணுக்கு இரண்டு வேறு ஆட்கள். ஒரு போர்ட் வேலை செய்யும், மற்றது சும்மா நிற்கும்.

ஸ்விட்ச் பக்கம் செய்யவேண்டியது: நாஸ், சர்வர் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக (ஸ்பானிங் ட்ரீயின் காத்திருப்பு இல்லாத போர்ட்) மாற்றுங்கள். இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் போர்ட்டில் மட்டும் அதைத் தொடாதீர்கள். அந்த இணைப்புக்குக் குறைந்தது இரண்டு கேபிள் போட்டு, அவற்றை எல்ஏசிபி-யில் கட்டுங்கள். சர்வர் முதல் ஸ்விட்சிலும் நாஸ் இரண்டாவதிலும் ஆக்டிவாக இருக்கும்போது இந்த இணைப்பு அறுந்தால், எல்லா விளக்கும் பச்சையாகவே இருக்கும், ஒரு பைட்கூடப் போகாது. லிங்க்கைப் பார்க்கும் கண்காணிப்பு இதை ஒருநாளும் பிடிக்காது. மாற்றியதையெல்லாம் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் சேமியுங்கள். சேமிக்காமல் விட்டு, கரண்ட் போய் வந்தபின் ஜம்போ ஃப்ரேம் (பெரிய அளவுப் பாக்கெட்) அமைப்பு காணாமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்போது சின்ன பிங் ஒழுங்காகப் போகும், பெரிய ரைட் மட்டும் தொங்கும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்றால் துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட்டில் பிங் செய்யுங்கள், இரண்டு பாதையிலும் தனித்தனியாக.

இதுவரை சொன்னது என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) பயன்படுத்துபவர்களுக்கு. ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கையே தரும் முறை) பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். அங்கே பாண்டிங்கைக் கழற்றிவிடுங்கள். ஒரு போர்ட்டுக்கு 192.168.10, இன்னொன்றுக்கு 192.168.20 என்று இரண்டு சப்நெட், ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்ச் வழியாக மட்டும். மேலே மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் பல பாதைகளை நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி). இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே இணைப்பே தேவையில்லை. ஸ்விட்ச் பாதி உயிரில் எழுந்தாலும் மல்டிபாத் ஏமாறாது. டிஸ்க் உண்மையிலேயே பதில் சொன்ன பிறகுதான் அந்தப் பாதையைச் சேர்க்கும். இந்த அமைப்பில் இதே நாஸ் மூன்று ஆண்டில் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. நான் எதிர்பாராத சந்தோஷம் இதுதான்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ஓபன்-ஐஸ்கஸியின் (லினக்ஸ் சர்வரில் ஐஸ்கஸி பேசும் மென்பொருள்) ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் இயல்பாக 120 நொடி. பாதை செத்தாலும் இரண்டு நிமிடம் அதையே பிடித்துத் தொங்கும். 5 ஆக்குங்கள். நூப்-அவுட் (பாதை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் செய்தி) இடைவெளியும் காத்திருப்பும் இயல்பாகவே 5, 5. ஆக, மோசமான நிலையிலும் ஏறக்குறைய 15 நொடியில் மாறிவிடும். கான்ஃபிக் ஃபைலில் மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே கண்டுபிடித்த நோடுகள் பழைய எண்ணையே வைத்திருக்கும், அவற்றையும் அப்டேட் செய்து மறுபடி லாகின் செய்யவேண்டும். அடுத்தது, டிஸ்கவரியின்போது (சர்வர் டிஸ்க்குகளைத் தேடும்போது) நாஸ் தன் மேனேஜ்மென்ட் ஐபியையும் சேர்த்துச் சொல்லும். கவனிக்காவிட்டால் 1ஜி அலுவலக நெட்வொர்க் வழியாக மூன்றாவது பாதை ஒன்று முளைக்கும். நாஸின் டார்கெட் (டிஸ்க் தரும் பக்கம்) அமைப்பில் அந்த போர்ட்டை விலக்குங்கள்.

சோதனைக்குப் பிங்கை நம்பாதீர்கள். விஎம்-முக்குள் நொடிக்கு ஒரு நேரமுத்திரையை ஃபைலில் எழுதி சின்க் செய்யும் (உடனே டிஸ்க்கில் இறக்கும்) சின்ன ஸ்கிரிப்ட் போதும். இடைவெளி எவ்வளவு என்று அந்த ஃபைலே சொல்லும். கேபிளைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல் ஸ்விட்சின் மின்சாரத்தை எடுங்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கொடுங்கள், அதன் பிறகும் ஐந்து நிமிடம் ஃபைலைப் பாருங்கள். பிறகு இரண்டாவது ஸ்விட்சுக்கும் அதையே செய்யுங்கள்.

இவ்வளவு நன்றாக ஓடும் பெட்டிதான். ஆனாலும் என்எஃப்எஸ்-க்காக இரண்டு ஸ்விட்சில் போடப் போகிறீர்கள் என்றால், விலை பாதியானாலும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். நேற்று வந்த ஃபர்ம்வேரிலும் அப்டிலே திரையில் இல்லை.