ஒடுகத்தூர் ரோட்டுக்கு வந்த ரெக்கவரி வண்டி: 3 ஸ்டார்
ஜவ்வாது மலை ஏறி இறங்குனதுல என் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போற) வண்டில கிளட்ச் காலி, ஒடுகத்தூர் கிட்ட நின்னுடுச்சு, வேலூருக்கு போன் போட்டு வண்டிய மொத்தமா மேல ஏத்திக்கிற ஃப்ளாட்பெட் கேட்டா முன்சக்கரத்த தூக்கி இழுக்கிற வண்டிய அனுப்பி வெச்சிருக்காங்க, செம கடுப்பு. ஆனா வந்த அண்ணன் விவரமானவரு, "தூக்கி இழுத்தா பின்சக்கரம் சுத்தி டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடும் சார்"னு (முன், பின் சக்கரத்துக்கு சக்திய பிரிச்சு விடுற பெட்டி அது) சொல்லிட்டு ரெண்டு வண்டிக்கும் நடுவுல ராடு மாட்டி, அந்த கேஸோட சின்ன லிவர நியூட்ரல்ல தள்ளி, ஸ்டியரிங் லாக் ஆவாம சாவிய ஆன்ல வெச்சு நாலு சக்கரமும் தரையில உருள மெதுவா இழுத்துகினு வந்தாரு. ஸ்டியரிங்ல நான்தான், இன்ஜின் ஆஃப்ல பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி இருக்கும்பா, தோள்பட்டை வலி இன்னும் போகல. அந்த அண்ணனுக்கு அஞ்சு ஸ்டாரே குடுப்பேன். பேசுன காசுக்கு மேல 500 கேட்டுச்சே ஆபீஸ், அதுக்குதான் ரெண்ட புடிச்சுகினேன்.