ஹக்கீமின் கால்களும் யோகிச்சின் கண்களும்

1994 ஜூன் மாதம் ஹூஸ்டனில் நடந்த அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 86, நியூயார்க் நிக்ஸ் 84. தொடரில் நிக்ஸ் 3-2 என முன்னிலை. கடைசிக் கால்பகுதி முழுக்கத் தீயாக ஆடிய ஜான் ஸ்டார்க்ஸ் கையில் பந்து. தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் த்ரீ பாயிண்டர் ஒன்றே ஒன்று விழுந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. சக வீரர் பேட்ரிக் யூயிங் ஸ்கிரீன் போட்டுத் தடுப்பவரின் வழியை மறிக்க, ஸ்டார்க்ஸ் இடப்பக்கம் விலகி எழும்பி எறிந்தார். யூயிங்கைத் தடுக்க நின்ற ராக்கெட்ஸின் ஹக்கீம் ஒலாஜுவன், தன் ஆளை விட்டுவிட்டுக் கோட்டுக்கு வெளியே பாய்ந்து, விரல் நுனியால் அந்தப் பந்தைத் தட்டிவிட்டார். ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்து ராக்கெட்ஸ் கோப்பையை எடுத்தார்கள்.

"பழைய சென்டர்கள் இன்றைய ஆட்டத்தில் தாக்குப்பிடிப்பார்களா?" என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். சென்டர் என்றால் கூடையடியில் ஆடும் உயரமான வீரர்; ஹக்கீம் அப்படியொருவர். அவரை இன்றைய சென்டர்களோடு, முக்கியமாக டென்வர் அணியின் நிக்கோலா யோகிச்சோடு, ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இன்றைய அணிகள் சென்டரை எப்படி வேட்டையாடுகின்றன? ஸ்கிரீன் போட்டு அவரைக் கூடையடியிலிருந்து வெளியே இழுத்து, கார்டு எனும் வேகமான சிறிய வீரருக்கு எதிரே நிறுத்திவிடுகின்றன. 1994-ல் ஒரு கோப்பையே அந்தச் சோதனையில் தொங்கியது. ஹக்கீம் அதில் தேறினார்.

அந்தக் கால்கள் கூடைப்பந்தில் பழகியவை அல்ல. 1963-ல் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். பள்ளியில் ஹேண்ட்பால் ஆடினார், கால்பந்தில் கோல்கீப்பராக நின்றார். பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். சில வருடங்களிலேயே ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியில் கிளைட் டிரெக்ஸ்லரோடு ஆடினார். புதிய வீரர்களை என்பிஏ அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1984-ல் முதல் தேர்வு அவர். அதே டிராஃப்டில் மைக்கேல் ஜோர்டன் மூன்றாவது.

எதிராளி எறியும் பந்தை அவர் தட்டித் தடுத்த பிளாக்குகள் மொத்தம் 3,830. பிளாக்குகளைக் கணக்கெடுக்கத் தொடங்கிய 1973-74 முதல் இன்றுவரை இந்த எண்ணை யாரும் தொடவில்லை. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொரு கணக்கு: 2,162 ஸ்டீல்கள், அதாவது எதிராளியிடமிருந்து பறித்த பந்துகள். ஒரு சென்டர்! 1988-89 சீசனில் மட்டும் 282 பிளாக், 213 ஸ்டீல். ஒரே சீசனில் இரண்டிலும் இருநூறைத் தாண்டியவர் வேறு எவருமில்லை. உயரமும் எம்பும் வலுவும் இருந்தால் பிளாக் வந்துவிடும். ஸ்டீலுக்கு எதிராளியின் எண்ணத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், நினைத்த நொடியில் கால் நகர வேண்டும்.

இன்றைய தற்காப்புச் சென்டர்களில் ரூடி கோபேர் நான்கு முறை சிறந்த தற்காப்பாளர் விருது வாங்கியவர். கூடையடியில் அவர் ஒரு மதில். ஆனால் மதிலை நகர்த்தி வெளியே வைத்தால் என்ன ஆகும் என்பதை, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் எதிரணிகள் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கின்றன. அந்த இடத்தில் எனக்கு ஹக்கீம்தான் வேண்டும். இதில் இரண்டாம் யோசனை இல்லை.

பந்து கையில் இருக்கும்போது கதை இவ்வளவு எளிதல்ல.

ஹக்கீமின் ஆட்டம் போஸ்ட் ஆட்டம், அதாவது கூடைக்கு அருகில் நின்று ஆடுவது. கூடைக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்குவார். தோளை ஒரு பக்கம் குலுக்குவார். தடுப்பவர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் சுழன்று பின்னே சாய்ந்து எறிவார். தடுப்பவர் அதற்கும் ஈடுகொடுத்தால், எறிவதுபோல் காட்டி, அவர் எழும்பியதும் கீழே நுழைந்து போட்டுவிடுவார். 'டிரீம் ஷேக்' என்று பெயர் வாங்கிய வித்தை இதுதான். 1995-ல் சான் அன்டோனியோவில் அந்த ஊர் அணியின் டேவிட் ராபின்சனுக்கு, சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி கோப்பையை அரங்கத்திலேயே கொடுத்தார்கள். அன்றிரவு அவருக்கு எதிராக ஹக்கீம் போட்டது 41 புள்ளிகள். ராபின்சன் சோம்பேறித் தடுப்பாளர் அல்ல; அவரும் சிறந்த தற்காப்பாளர் விருது வாங்கியவர்தான். அந்தத் தொடரில் ஹக்கீமின் சராசரி 35.3. அடுத்து இறுதித் தொடரில் இளம் ஷகீல் ஓ'நீலின் ஒர்லாண்டோவை 4-0 என்று முடித்தார்கள். மேற்குப் பிரிவில் ஆறாவது இடத்தில் நுழைந்த அணி, ஐம்பது வெற்றிகளுக்கு மேல் கண்ட நான்கு அணிகளை வரிசையாக வீழ்த்தி எடுத்த கோப்பை அது.

இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று ஜோன் தற்காப்பு, அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது, விதிப்படி குற்றம். தன் ஆளோடு நிற்க வேண்டும், அல்லது பந்து வைத்திருப்பவரை இருவராக மறிக்கும் டபுள் டீமுக்கு முழுதாகப் போக வேண்டும். நடுவில் மிதந்துகொண்டிருக்க முடியாது. 2001-02-ல் அந்த விதி போனது. இன்று போஸ்ட்டில் பந்து இறங்குவதற்கு முன்பே இரண்டாவது ஆள் பாதி வழியில் வந்து நிற்பார். அந்தத் தனி நடனத்துக்கு அவ்வளவு இடமும் நேரமும் கிடைக்காது. த்ரீ பாயிண்டரில் ஹக்கீமின் வாழ்நாள் விகிதம் 20 சதவீதம். "இன்று பிறந்திருந்தால் கற்றிருப்பார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் யோகிச்சும் அன்று பிறந்திருந்தால் எதையெதையோ கற்றிருப்பார். செய்ததை வைத்துத்தான் எடை போட முடியும்.

நிக்கோலா யோகிச் செய்தது என்ன? செர்பியாவின் சோம்போரில் பிறந்தவர், 2014 டிராஃப்டில் 41-வது தேர்வு. இன்று மூன்று எம்விபி விருதுகள். 2023-ல் டென்வருக்கு முதல் கோப்பை. அந்த பிளேஆஃப்களில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட் (தவறி எகிறும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்) மூன்றிலும் முதலிடம். 2024-25 சீசனில் ஆட்டத்துக்கு 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட், த்ரீ பாயிண்டரில் 41.7 சதவீதம். ஹக்கீமின் உச்ச சீசனான 1993-94-ல் அவருக்கு 27.3 புள்ளி, 11.9 ரீபவுண்ட், 3.6 அசிஸ்ட். கடைசி எண்ணில்தான் வித்தியாசம் கண்ணில் அறைகிறது. தன் மேல் டபுள் டீம் வந்த பிறகு வெளியே கொடுப்பவர் ஹக்கீம். டபுள் டீம் வரலாமா என்று எதிராளி யோசிக்கும்போதே கொடுத்து முடித்திருப்பவர் யோகிச். தலைக்குப் பின்னால் பந்தைத் தூக்கி, பார்க்காத பக்கம், ஓடிவருபவன் கைக்கு நேராக இறக்குவார். ஓட்டமும் இல்லை, எம்பலும் இல்லை, கண்களாலேயே ஆடுகிறார். அணியின் தாக்குதலை முழுதாக ஒருவர் தோளில் ஏற்ற வேண்டுமென்றால் ஹக்கீமைவிட யோகிச்சே மேல் என்பேன். ஹக்கீமை நேசிக்கிற எனக்கு இதைச் சொல்ல மனம் வலிக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

இதில் பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று. இன்று பல அணிகளும் ஆடும் அமைப்பை, அதாவது உள்ளே ஒரு சென்டர், வெளியே நான்கு எறிபவர்கள் என்பதை, பயிற்சியாளர் ரூடி டோம்ஜனோவிச் ஹக்கீமைச் சுற்றித்தான் கட்டினார். கென்னி ஸ்மித், ராபர்ட் ஹோரி, மரியோ எலி என்று கோட்டுக்கு வெளியே ஆட்கள் காத்து நின்றார்கள். இன்றைய ஆட்டத்தின் விதை அங்கே கிடக்கிறது.

இன்னொரு இன்றைய சென்டரான ஜோயல் எம்பீடை இந்த வரிசையில் சேர்க்கத் தயங்குகிறேன். கேமரூனிலிருந்து வந்து, பதினைந்து வயதில் பந்தெடுத்து, ஹக்கீமின் வீடியோக்களைப் பார்த்தே கால்வேலை கற்றவர். 2022-23-ல் ஆட்டத்துக்கு 33.1 புள்ளி, எம்விபி. 2024 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 70. எறியும் கையை மட்டும் பார்த்தால் ஹக்கீமைவிடச் சுத்தம். ஆனால் முழங்கால் அவரை விடவில்லை: 2023-24-ல் 39 ஆட்டம், அடுத்த சீசனில் 19. ஹக்கீம் தன் எம்விபி வருடத்தில் 80 ஆட்டம், ஆட்டத்துக்கு 41 நிமிடம் ஆடினார். 1995 பிப்ரவரியில் ரமலான் நோன்போடு ஆடி அந்த மாதத்தின் சிறந்த வீரரானார்.

சான் அன்டோனியோவின் இளம் சென்டர் விக்டர் வெம்பன்யாமாதான் என்னைக் குழப்புகிறார். ஏழடிக்கு மேல் இன்னும் நான்கைந்து அங்குலம். 2024-25-ல் ஆட்டத்துக்கு 3.8 பிளாக், கூடவே எட்டுக்கு மேல் த்ரீ பாயிண்டர் முயற்சிகள். தோளில் ரத்தம் உறைந்து அந்த சீசன் 46 ஆட்டங்களோடு நின்றது. 2025 கோடையில் போஸ்ட் ஆட்டம் பழக அவர் போன இடம் ஹூஸ்டன். சொல்லிக்கொடுத்தவர் அறுபதைக் கடந்த ஹக்கீம். பிளாக்கில் அவரைத் தாண்டக்கூடியவர் என்று நான் நம்பும் ஒரே ஆள் இவர்.

ஏழாவது ஆட்டம், ஒரு பக்கம் ஹக்கீம், மறுபக்கம் யோகிச் என்று வைத்துக்கொள்வோம். யோகிச் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் பந்தோடு நிற்கிறார். ஹக்கீம் எதிரே. ஏமாற்றுக்கு எழும்பாதவரை ஏமாற்ற யோகிச்சுக்கு நேரம் பிடிக்கும். உயர எறியும் அந்த விசித்திரமான ஷாட் அப்போதும் சில விழும். அவர் பாஸ் கொடுக்கும் பாதையில் இரண்டாயிரத்துக்கு மேல் ஸ்டீல் கண்ட கை நீளும். மறுமுனையில் யோகிச் அந்தக் கால்களைத் தனியாகத் தடுக்க முடியாது. உதவி வரும், பந்து வெளியே ஹோரியிடம் போகும். நாற்பத்தெட்டு நிமிடமும் நெருக்கமாகப் போகும். கடைசி நொடியில் ஸ்கிரீன் வந்து, ஹக்கீம் கோட்டுக்கு வெளியே ஒரு கார்டுக்கு எதிரே நிற்க நேர்ந்தால், நான் ஹூஸ்டன் பக்கம்.