கில்ட்டும் க்ரோமக்கும்: கொம்பு அழகு, பூண் தொல்லை

ஆறாவது ஆண்டில் என் க்ரோமக் தடியின் மூட்டு ஆடிவிட்டது. கொம்புப் பிடியும் ஹேசல் மரக் கழியும் சேருகிற இடத்தில், வெள்ளை உலோகப் பட்டைக்கு மேலே, நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதைப் பிரித்துப்போட்டிருந்த வாரத்தில்தான் நண்பர் கேட்டார்: "எடின்பரோவுல ஒரு கல்யாணம், கில்ட் போடப்போறேன். கையில பிடிக்க க்ரோமக் வாங்கலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரே வரியில் முடிக்கிற விஷயமில்லை.

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை; க்ரோமக் என்பது அந்த ஊர் மேய்ப்பரின் வளைதடி. கேலிக் மொழியில் 'க்ரோம்' என்றால் வளைந்தது. பார்வைக்கு நம் தொரட்டிக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் தொரட்டி கிளையை இழுக்கும், இது ஆட்டின் கழுத்தை இழுக்கும். செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும் பிரேமர் கேதரிங் என்ற ஸ்காட்லாந்து விளையாட்டு விழாவுக்குப் போனால் கில்ட் கட்டியவர்கள் கையில் இதைப் பார்க்கலாம். அங்கே புல்தரை, பகல் வெளிச்சம், ட்வீட் ஜாக்கெட். அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான தடி கிடையாது. சிக்கலெல்லாம் புல்லை விட்டு உள்ளே வந்த பிறகுதான்.

முதலில் உயரம். பேன்ட் போட்டவர் பக்கத்தில் தடி இருந்தால் துணியின் கோட்டோடு ஒன்றிப்போகும். கில்ட் முழங்கால் சிப்பியின் நடுவோடு நின்றுவிடும். கீழே வெறும் முழங்கால், அப்புறம் கம்பளிக் காலுறை. அதனால் தடியின் கீழ்ப்பாதி மறைய இடமே இல்லாமல் தனியாகத் தெரியும். எட்டு கெஜத் துணியை மடித்துத் தைத்த கில்ட்டுக்குப் பக்கத்தில் பதினாறு மில்லிமீட்டர் கழி விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருக்கும். மேலே 25 மில்லிமீட்டர், அடியில் 20 என்று மெல்ல ஒடுங்கும் கழிதான் கண்ணுக்குச் சரி. நீளம் நான்கிலிருந்து நான்கரை அடி. கில்ட்டோடு போடுகிற அதே கிலி ப்ரோக் ஷூவைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். வீட்டுச் செருப்போடு அளந்தால் குதிகால் உயரம் கணக்கில் விட்டுப்போகும்.

இன்னொன்றும் நண்பருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. க்ரோமக்கை வளைவில் பிடிப்பதில்லை, அதற்குக் கீழே கழியில்தான் பிடிப்பார்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கும். ஆகவே உடம்பின் பாரத்தை அது தாங்காது. முழங்கால் வலிக்காகத் தடி தேடுகிறவருக்கு இது ஊன்றுகோலே அல்ல. அவருக்கு, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரத்தில் பிடி உள்ள குட்டைத் தடிதான் வேண்டும்.

எந்த மேலங்கியோடு எந்தத் தடி? ட்வீட் ஜாக்கெட்டோ ஆர்கைல் என்ற எளிய குட்டை ஜாக்கெட்டோ போட்டால் க்ரோமக். மாலை விருந்துக்குப் போடும் பிரின்ஸ் சார்லி கோட்டு என்றால் தடியே வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளிப் பொத்தான், போ டை, ரோமம் வைத்த ஸ்போரன் (இடுப்பின் முன்னால் தொங்கும் பை), அதற்குப் பக்கத்தில் ஆட்டுக்காரர் தடி, இரண்டும் ஒட்டாது. சரி என்று வெள்ளிக் குமிழ் வைத்த கருப்புக் கைத்தடியை எடுத்தால் மேஜிக் ஷோ நடத்த வந்தவர் போல ஆகிவிடும். பிளாக்தார்ன் அழகான மரம், முள் அறுத்த முடிச்சுகளோடு கருகருவென்று இருக்கும். ஆனால் அது அயர்லாந்தின் அடையாளம். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் கார்ட்ஸ் படை அதிகாரிகள் கையில் இருப்பது அதுதான். கில்ட்டோடு பிடித்தால் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். பதில் சொல்லித் தீராது.

கொம்பைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிளாக்ஃபேஸ் செம்மறிக் கடாவின் கொம்பு. பிடியின் மூக்கை, அதாவது வளைவின் நுனியை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும், உள்ளே மெல்லிய வரிகள் ஓடுவது தெரியும். ரெசின் வார்ப்பில் அந்த வரி இருக்காது, வளைவின் உட்புறத்தில் அச்சு சேர்ந்த கோடு ஒன்று இருக்கும். கடையில் வாங்கும்போது விரலை உள்வளைவில் ஓட்டிப் பாருங்கள், போதும். சூடான ஊசியால் குத்தி முடி கருகும் வாசம் வருகிறதா என்று பார்க்கும் சோதனையை அடுத்தவர் சரக்கில் செய்யக்கூடாது.

ஆறு ஆண்டு கைபட்டதில் அந்தக் கொம்பு வாங்கிய நாளைவிட நன்றாக இருக்கிறது. மாதம் ஒருமுறை மெழுகு, மெத்தென்ற துணி, அவ்வளவுதான் பராமரிப்பு. கவனிக்க வேண்டியவை இரண்டு. கொம்பைச் சூட்டில் இளக்கித்தான் வளைக்கிறார்கள், ஆகவே மறுபடி சூடுபட்டால் பழைய வளைவை நோக்கி விரியப் பார்க்கும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியும் ஹீட்டர் பக்கத்துச் சுவரும் அதற்கு எதிரி. கம்பளி தின்னும் வண்டின் புழுவுக்குக் கொம்பும் தீனிதான். கில்ட் தொங்கும் அலமாரியிலேயே தடியை வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து விருந்து.

மூட்டு ஏன் விட்டது என்று பிரித்தபோதுதான் தெரிந்தது. கடா கொம்பின் அடிப்பாகம் உள்ளே பொள்ளல். நல்ல வேலைக்காரர் அதைச் சூடாக்கி இடுக்கியில் அழுத்தி முழுக்கக் கெட்டியாக்குவார். இதில் அந்தப் பொள்ளலை ஏதோ பசையால் நிரப்பி, அதற்குள் நாற்பது மில்லிமீட்டர் திருகாணிக் கம்பியைச் செருகியிருந்தார்கள். கம்பி கொம்பையே தொடவில்லை. அந்த விலைக்கு இது அநியாயம். செய்தவரிடம் கேட்டால் "வுட் மூவ்மென்ட்" என்று பதில் வந்தது. மரம் அசையும், உண்மைதான். அதற்காகத்தானே கம்பி.

சரிசெய்த விதம் இது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, கொம்பில் கெட்டியான பகுதி வரைக்கும் துளையை ஆழப்படுத்தி, எட்டு மில்லிமீட்டர் திருகாணிக் கம்பி நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு, பாதி கொம்பில், பாதி கழியில். துளை எட்டரை, பசைக்கு இடம் வேண்டுமே. இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இருபத்து நான்கு மணி நேரத்தில் இறுகும் எபாக்ஸி. ஐந்து நிமிடப் பசை வேண்டாம், வளைவின் மூக்கை நேர்க்கோட்டில் நிறுத்துவதற்குள் இறுகிவிடும். கழியைக் கையோடு கையாக ஆளி விதை எண்ணெயால் துடைத்தாயிற்று. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு வருடமாக எரிச்சல் தருவது அடியில் இருக்கும் பூண்.

பித்தளைப் பூண். புல்லில், மண்ணில், சரளையில் ஒரு குறையும் இல்லை. நனைந்த கல் தளத்தில் வழுக்கும். கிலி ப்ரோக்கின் அடியும் வழவழப்பான தோல், அதுவும் வழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வழுக்கினால் தடி ஊன்ற உதவாது, விழத்தான் உதவும். சர்ச்சின் உள்ளே ஒவ்வோர் அடிக்கும் 'டிங்' என்று கேட்கும், பேக்பைப் வாசிப்பவர் ஓய்ந்த நேரம் பார்த்து. கேய்லி என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம் ஆடும் கூடத்தின் மெருகேற்றிய பலகைத் தரையில் பிறை வடிவில் பள்ளம் விழும். கூடத்துக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

ரப்பர் புஷ் போட்டால் தீருமே என்பார்கள். தீரும். ஆனால் தேன் நிறக் கொம்பு, எண்ணெய் ஏறிய ஹேசல், கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தா! கருப்பு ரப்பர் வெளிர் தரையில் கோடு வேறு போடும், சாம்பல் நிறம்தான் தேவலாம். அடிப்பக்கம் உள்ளே இரும்பு வட்டு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கழியின் முனை சில மாதத்தில் ரப்பரைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். தடியைச் சாய்த்தே ஊன்றுவதால் ஒரு பக்கம்தான் தேயும். அவ்வப்போது கால் சுற்று திருப்பிவிட்டால் இருமடங்கு உழைக்கும்.

இப்போது செய்வது: பித்தளை அப்படியே இருக்கும். கூடத்துக்குள் நுழையும் முன் அதன் மேல் ரப்பர் புஷ்ஷை மாட்டுவது, வெளியே வந்ததும் கழற்றி ஸ்போரனுக்குள் போடுவது. பூணின் வெளி விட்டத்துக்குச் சரியான அளவு வேண்டும். பத்தொன்பது, இருபத்திரண்டு என்று கிடைக்கும், ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தால் வழியிலேயே விழுந்துவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டால் எளிதாக ஏறும். ஒட்டிவிடாதீர்கள். வறண்ட காலத்தில் மரம் சுருங்கிப் பித்தளையே தளரும். கழற்றி எபாக்ஸி வைத்து ஏற்றி, இரண்டு பக்கமும் பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும்.

உட்கார்ந்த பிறகு தடியை எங்கே வைப்பது என்பதற்கு ஒழுங்கான பதிலே இல்லை. முழங்கையில் மாட்டினால் வெளிப்பக்கம் சுருண்ட மூக்கு கைப்பொத்தானை உரசும். இடது தோளில் ஃப்ளை பிளெய்ட் என்ற தோள்துணி போட்டிருந்தால் அதன் குஞ்சத்தில் சிக்கும், ஆகவே தடி வலது கையில்தான். ஆனால் கல்யாணத்தில் வலது கை குலுக்கவே சரியாகப் போகும். சுவரில் சாய்த்தால் விழும், விழுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். மூலையில் படுக்கவைப்பதே உத்தமம். டாக்சியிலும் குறுக்கே படுக்கும், பக்கத்தில் உட்காருபவர் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.

நண்பருக்கு என்ன சொல்வது? கல்யாணம் உள்ளரங்கம், சாயங்காலம், பிரின்ஸ் சார்லி வாடகைக்கு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் க்ரோமக் தப்பு. கையில் ஏதாவது வேண்டும் என்றால் ஆவியில் வளைத்த ஒற்றைத் துண்டு செஸ்ட்நட் தடி, முப்பத்தாறு அங்குலம். மூட்டே கிடையாது, மேசை விளிம்பில் மாட்டலாம், டாக்சியில் அடங்கும், விலையும் சொற்பம். அது எல்லாவற்றிலும் இதைவிட மேல்.

இருந்தாலும் க்ரோமக்கையே வாங்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை புகைப்படம் வெளியே, புல்லில், ட்வீட் போட்டு எடுப்பார்களாம். அங்கே செஸ்ட்நட்டைப் பிடித்தால் யாரோ தாத்தாவின் தடியை இரவல் வாங்கி வந்தது போல இருக்கும். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: மூட்டுக்குள் கம்பி எவ்வளவு நீளம், பூணின் வெளி விட்டம் எவ்வளவு. முதல் கேள்விக்குத் தடுமாறினால் வேறு கடை. இரண்டாவதற்குத் தடுமாறினால் பத்தொன்பதில் ஒன்று, இருபத்திரண்டில் ஒன்று, சாம்பல் நிறத்தில்.