சேரும்போதே துறையா, சேர்ந்தபின் துறையா?

பள்ளி முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது "எந்தக் காலேஜ்?" என்றுதான். எங்களுக்குத் தலைவலி கொடுத்தது அதுவல்ல. மகள் கையில் இரண்டு அட்மிஷன் கடிதங்கள் இருந்தன. ஒன்றில் முதல் நாளிலிருந்தே இயற்பியல், மூன்றாண்டில் பட்டம். இன்னொன்றில் முதலாண்டு நாலைந்து துறைகளின் பாடங்கள், அதை முடித்தபின் துறையைத் தேர்ந்துகொள்ளலாம், மொத்தம் நான்காண்டு. இரண்டாவதை எடுத்தோம். அதனால் நான் எந்தப் பக்கம் பேசப் போகிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். முதலாவதை எடுப்பவர்களுக்கும் நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

இந்த இரண்டு முறைகளையும் அருகருகே பார்க்க வேண்டுமென்றால் பிரிட்டன் ஒன்றே போதும். இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் பெரும்பாலும் மூன்று பாடங்கள். பிறகு யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் போகும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் வரை போடலாம். கேட்க விசாலமாக இருக்கும். ஆனால் ஐந்துக்கும் போவது, ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுதும் ஒரே சுயவிளக்கம், அதுவும் 4,000 எழுத்துகளுக்குள். 2026 சேர்க்கை முதல் அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இருந்தாலும், இயற்பியலும் பிடிக்கும் வரலாறும் பிடிக்கும் என்று அதில் எழுதினால் இரண்டு துறையுமே யோசிக்கும். ஆகவே ஐந்து தெரிவு என்பது நடைமுறையில் ஒரே துறைக்கு ஐந்து இடங்கள். எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் ஹானர்ஸ் பட்டம் நான்காண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு துறைப் பாடங்களையும் சேர்த்துப் படிப்பது அங்கே வழக்கம்.

மற்ற இடங்களிலும் இப்படித்தான் இரண்டு கட்சி. இந்தியாவில் பெரும்பாலும் சேரும்போதே துறை முடிவாகிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011-இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு இதற்கு ஒரு விதிவிலக்கு: முதல் மூன்று செமஸ்டர் எல்லோருக்கும் பொது, அதன்பிறகே சிறப்புத் துறை. மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008-இல் தன் இளநிலைப் படிப்புகளை விரிந்த சில பட்டங்களாகச் சுருக்கி, தொழிற்படிப்புகள் பலவற்றை முதுநிலைக்குத் தள்ளியது. ஹாங்காங் 2012-இல் மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டாக்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதலாண்டில் யாருக்கும் துறையே கிடையாது.

கூடுதல் ஓராண்டு என்றால் கூடுதல் செலவு, ஓராண்டு தாமதமாகச் சம்பளம். இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஓராண்டு கட்டாது என்கிற வீட்டில் இந்த விவாதமே எழாது. பெயர், தரவரிசை, விடுதி, தூரம் இதெல்லாம் இரண்டு முறைக்கும் பொது. அதையும் விட்டுவிடலாம். ஆர்வம் எதில் என்று சொல்லும் தேர்வுகள் இருக்கின்றன. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த ஆறு வகைப் பிரிப்புதான் அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. எங்கள் வீட்டிலும் ஒன்று எழுதினாள். உட்கார்ந்து பேச அது ஒரு சாக்கு ஆனது, அந்த வகையில் பயன்தான். துறையை அதை வைத்து முடிவு செய்ய எனக்குத் துணிவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: நடுவில் மனம் மாறினால் என்ன ஆகும்?

மனம் மாறுவது அபூர்வம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கக் கல்விப் புள்ளியியல் மையம் 2017-இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2011–12-இல் சேர்ந்து, துறையையும் அறிவித்துவிட்ட இளநிலைப் பட்ட மாணவர்களில் மூன்றில் ஒருவர், மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது ஒருமுறையாவது துறையை மாற்றியிருக்கிறார். கணிதத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல், 52 சதவீதம். பள்ளியில் கணிதம் பிடித்தது என்று போனவர்கள், பல்கலைக்கழகத்தில் கணிதம் என்பது கணக்குப் போடுவது இல்லை, நிறுவுவது என்று கண்டதும் நகர்ந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பள்ளிப் பாடத்துக்கும் அதே பெயரில் வரும் பல்கலைக்கழகப் பாடத்துக்கும் உறவு அவ்வளவுதான். மகளே ஒருநாள் சொன்னாள், "அம்மா, எனக்கு ஃபிசிக்ஸ் பிடிக்குதா, ஃபிசிக்ஸ் மிஸ்ஸப் பிடிக்குதான்னே எனக்குத் தெரியல." பதினேழு வயதில் அதைப் பிரித்துச் சொல்லத் தெரியாததில் வியப்பில்லை.

மாற வழியில்லாத இடத்தில் மனம் மாறியவர்கள் என்ன செய்கிறார்கள்? ஓபர் மாலமுட் என்ற பொருளியல் ஆய்வாளர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பட்டதாரிகளை ஒப்பிட்டு 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சீக்கிரமே துறையில் இறங்கிவிடும் இங்கிலாந்துப் பட்டதாரிகள்தான், படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்பது அதில் கண்டது. அதாவது மனமாற்றம் எங்கும் போய்விடவில்லை. படிக்கும்போது நடக்க வேண்டியது வேலைக்குப் போகும்போது நடக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, மாறும் செலவைக் கணக்குப் போட உட்கார்ந்தோம். இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் கையேடுகளும் இணையத்திலேயே கிடைக்கும். விளம்பரப் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராக அதற்குள் போங்கள். ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இயற்பியல் முதலாண்டு முடித்தவள் பொருளியலுக்கு மாறுகிறாள் என்று வைத்துக்கொண்டோம். கணிதப் பாடங்கள் 20 கிரெடிட், அவை அங்கேயும் செல்லும். விருப்பப் பாடம் 10, அதுவும் செல்லும். மீதி 30, ஆய்வகமும் இயந்திரவியலும், கணக்கில் வராது. சுமார் 750 முதல் 900 மணி நேர உழைப்பு. சரி, அறிவு வீணாகாது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

அதைவிட மோசமான செலவு கிரெடிட் பட்டியலில் தெரியாது. பொருளியலில் இரண்டாம் ஆண்டு பொருளளவையியல் என்று ஒரு பாடம், பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு அலசுவது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: முதலாண்டுப் புள்ளியியல் முடித்திருக்க வேண்டும். அந்தப் புள்ளியியலைத் தேடிப் போனால், அது முதல் செமஸ்டரில் மட்டும் நடக்கும். மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் பாதிக்கு அந்தப் பொருளளவையியல் முன்தேவை. ஆக, இரண்டாம் செமஸ்டரில் மனம் மாறுகிறவள் இழப்பது 30 கிரெடிட்டோடு நிற்காது. ஒரே ஒரு பாடத்துக்காக ஒரு முழு ஆண்டு பின்னுக்குப் போகும். நேரடித் துறையில் மிச்சமாகும் என்று நாம் கணக்குப் போட்ட ஓராண்டு அங்கேயே போய்விடுகிறது. கையேட்டைக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் படித்தால் இந்தச் சங்கிலி தெளிவாகத் தெரியும். முன்னிருந்து படித்தால் கண்ணில் படாது.

பொது முதலாண்டில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகளை மூன்று நான்கு துறைகளிலும் மாட்டிவைக்க முடிகிறது. இயற்பியல், கணிதம், புள்ளியியல், கூட ஒரு மொழியியல் என்று எடுத்தால், ஆண்டு முடிவில் மூன்று துறைகளுக்காவது தாமதமின்றிப் போகலாம். அதாவது, கண்டபடி ருசி பார்க்கிற ஆண்டாக அதை ஓட்டிவிடக் கூடாது. எந்தெந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று முதல் செமஸ்டர் பதிவுக்கு முன்பே எழுதிவைத்துக்கொண்டு பாடம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொது ஆண்டு முடிந்தபிறகும் அதே முன்தேவைச் சங்கிலியில் மாட்டிக்கொள்வார்கள்.

பொது முதலாண்டிலும் ஒரு பெரிய பொறி உண்டு. 'பிறகு தேர்ந்துகொள்ளலாம்' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்கிறது. கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ட்ராக்ஒன் என்ற பொதுப் பொறியியல் முதலாண்டை அரியர் போல எதுவும் இல்லாமல் கடந்தால், எஞ்சினியரிங் சயன்ஸ் என்ற தனிப் படிப்பு தவிர, கேட்ட பொறியியல் துறை உறுதி. அதே நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பொறியியலுக்குப் பொது முதலாண்டுதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் எந்தத் துறை என்பது பெரும்பாலும் முதலாண்டு மதிப்பெண் போட்டியில் முடிவாகும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்னதில் மாணவி சேரும்போதே துறை கையில் இருக்கிற மாதிரி. பின்னதில் பள்ளி இறுதித் தேர்வின் பதற்றம் இன்னோர் ஆண்டு நீளும். எல்லோரும் துரத்துகிற கணினி அறிவியல் மாதிரித் துறைதான் வேண்டும் என்று பிள்ளை தெளிவாகச் சொன்னால், போட்டி வைக்கும் பொது ஆண்டுக்குப் போகாதீர்கள். கிடைத்த நேரடி இடத்தை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் புத்தி.

நேரடித் துறைக்கு இன்னொரு பலம், சேர்ந்த புதிதில் தெரியும். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் பாடத்தைவிடப் பெரிய சிக்கல், யாரையும் தெரியாது என்பது. ஒரே துறையில் சேர்ந்தால் அதே முகங்கள் எல்லா வகுப்பிலும் இருக்கும்; இரண்டு வாரத்தில் நோட்ஸ் கேட்க ஆள் கிடைத்துவிடும். பொது ஆண்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு கூட்டம், அதுவும் பெரிய அரங்குகளில். வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1975-இலேயே இதை எழுதிவிட்டார்: பாதியில் நிற்பவர்கள் மதிப்பெண்ணால் மட்டும் நிற்பதில்லை, அந்த இடத்தோடு ஒட்டாமல் போவதாலும் நிற்கிறார்கள். மகளுக்கும் முதல் இரண்டு மாதம் கடினமாகவே இருந்தது. மதிய இடைவேளையில் தினமும் போன் வரும். பேச விஷயம் இருக்காது, ஆனாலும் வைக்க மாட்டாள்.

அதனால் பொது ஆண்டுக்குப் போவதென்றால், அந்தப் பல்கலைக்கழகம் புதிதாக வருபவர்களுக்கு என்ன வைத்திருக்கிறது என்று பார்ப்பது அவசியம். தெற்கு கரோலினா பல்கலைக்கழகம் 1972-இல் 'யுனிவர்சிட்டி 101' என்று முதலாண்டினருக்கு ஒரு சிறிய வகுப்பையே தொடங்கியது. சின்னக் குழு, கூடவே வரும் ஓர் ஆசிரியர். பின்னர் பல இடங்கள் அந்த வழியில் போயின. எம்.ஐ.டி.யில் முதல் செமஸ்டரில் தேறினால் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும். தவறினால் வெளியே காட்டும் மதிப்பெண் சான்றில் அந்தப் பாடமே வராது. துணிந்து தெரியாத பாடத்தை எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. மதிப்பெண் சராசரி முதல் வாரத்திலிருந்தே எண்ணப்படும் இடத்தில், பொது ஆண்டு என்ற பெயர் இருந்தும் பிள்ளைகள் ஏற்கெனவே நன்றாக வருகிற பாடங்களுக்குள்ளேயே சுற்றுவார்கள்.

மகள் கடைசியில் எந்தத் துறையை எடுத்தாள் என்றால், இயற்பியல்தான். புள்ளியியல் துணைப்பாடம். "அதுக்கு முதல்லயே அதையே எடுத்திருக்கலாமே" என்று என் அண்ணன் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். காப்பீடு போட்டு விபத்தே நடக்காவிட்டால் பணம் நஷ்டமா என்று நானும் திருப்பிக் கேட்கிறேன். அவர் சமாதானமாகவில்லை. அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, ஓராண்டுக் கட்டணம் சின்னத் தொகை இல்லை. எனக்குத் தெரிவது இது: மொழியியல் வகுப்பில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்து, பிடித்திருந்தும், இது நமக்கு வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள். இப்போது ஆய்வக அறிக்கை மூன்றாம் முறை திரும்பி வந்தாலும் வேறு எதையாவது எடுத்திருக்கலாமோ என்று புலம்புவதில்லை. இதற்கு எவ்வளவு மதிப்புப் போடுவது என்பதில் அண்ணனும் நானும் ஒத்துப்போக வழியில்லை.

மருத்துவத்துக்கு இந்த அலசலை நீட்டாதீர்கள். பல நாடுகளில் பள்ளி முடித்தவுடனே நேரடிச் சேர்க்கைதான், அங்கே தேர்ந்தெடுக்கவே இடமில்லை. பட்டம் முடித்தபிறகு மருத்துவம் என்கிற அமெரிக்க முறையில் எனக்கு அனுபவமும் இல்லை. கட்டடக்கலை மாதிரி தொழில் அங்கீகாரத்தோடு கட்டப்பட்ட படிப்புகளிலும் பாட வரிசையை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உதவித்தொகையில் போகும் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி: துறை மாறினால் அது தொடருமா, நான்காம் ஆண்டுக்கும் உண்டா? எங்களுக்கு உதவித்தொகை இல்லாததால் நான் இதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

எந்தப் பக்கம் போனாலும், இடத்தை உறுதிசெய்யும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பிள்ளையின் பெயரிலேயே. துறை மாற எந்த ஆண்டு வரை விண்ணப்பிக்கலாம், இடம் உறுதியா போட்டியா, முடித்த கிரெடிட்டில் எவ்வளவு கணக்கில் வரும், இந்த மூன்றும் போதும். 'ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பரிசீலிப்போம்' என்று மட்டும் பதில் வந்தால், மாறுவது கடினம் என்று எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் நேரடித் துறை இடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு வரிதான். தெளிவான பதில் வந்தால், சேரும் ஆண்டின் பாடத்திட்டக் கையேட்டையும் இறக்கி அந்த மின்னஞ்சலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விதிகள் மாறினாலும் மாணவர் சேர்ந்த ஆண்டின் விதியே அவருக்குப் பொருந்தும் என்று பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அந்த ஆண்டின் கையேடு பிறகு இணையத்தில் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.