செவெல் எஸ்எஸ் 454: 1970-ஆ, 1971-ஆ?

செவர்லே கம்பெனியின் பழைய அமெரிக்க கார் செவெல்; எஸ்எஸ் என்பது அதன் ஸ்போர்ட்ஸ் வகை. அழகில் 1970தான், அதில் பேச்சே இல்லை. முன்னால் நான்கு விளக்கு, முறைக்கிற முகம். 1971இல் பக்கத்துக்கு ஒரே பெரிய விளக்காக்கிவிட்டார்கள். பின் பம்பரில் வந்த உருண்டை இரட்டை விளக்குகள் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. மறுவிலையிலும் 1970 எங்கோ மேலே நிற்கிறது. எல்லாம் தெரிந்தும் நான் 1971ஐத்தான் வாங்கினேன். காரணம், பெட்ரோல்.

1970இல் இந்த 454 கன அங்குல இன்ஜின் இரண்டு வகையில் வந்தது. எல்எஸ்6 என்றால் 450 குதிரைத்திறன், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்) 11.25:1. எல்எஸ்5 என்றால் 360, 10.25:1. அழுத்தம் கூடினால் பெட்ரோல் தானாகவே பற்றி வெடிக்கப் பார்க்கும்; அதைத் தாங்கும் திறன்தான் ஆக்டேன். இரண்டுமே ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பிப் பிறந்தவை. இன்று கலிபோர்னியாவில் எனக்குக் கிடைக்கிற பிரீமியமே 91 ஆக்டேன்தான். வாங்கும் முன் ஒரு 1970 எல்எஸ்5ஐ ஓட்டிப் பார்த்தேன். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போல நாக்கிங், அதாவது பெட்ரோல் தானாகப் பற்றி வெடிக்கிற சத்தம். டிக்கியைத் திறந்தால் வரிசையாக ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்கள். தீப்பொறி விழும் டைமிங்கைக் குறைத்து வைக்கலாம்; சத்தம் அடங்கும், கூடவே இழுவையும் அடங்கும்.

1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயமில்லாப் பெட்ரோலை மனதில் வைத்து கம்ப்ரெஷனைக் குறைத்தது. எல்எஸ்5 8.5:1 ஆனது. அவர்கள் வைத்த இலக்கு 91 ரிசர்ச் ஆக்டேன். அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் ரிசர்ச், மோட்டார் என்ற இரண்டு சோதனை முறைகளின் சராசரியைத்தான் எழுதுவார்கள் என்பதால், அது ஏறக்குறைய இன்றைய 87. அதாவது இருப்பதிலேயே மலிவான ரெகுலர்! நான் அதைத்தான் போடுகிறேன், ஒரு முனகல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கம்ப்ரெஷன் குறைந்தும் காகிதத்தில் 365 குதிரைத்திறன், முந்தைய ஆண்டைவிட 5 கூடுதல். வண்டியில் இருக்கிறபடி துணைக் கருவிகளோடு அளக்கும் நிகரக் கணக்கில் 285தான்.

எல்எஸ்6 வேறு ஜாதி. அதில் நான் பக்கத்து சீட்டில் ஒருமுறை போனதோடு சரி, அதனால் பெரிதாகத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அடிக்கடி வால்வு இடைவெளி சரிபார்க்கப் பொறுமை உள்ளவருக்கான இன்ஜின் அது.

அப்புறம், எந்த ஆண்டானாலும் எஸ்எஸ் பேட்ஜை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டிலும் வண்டி எண்ணைப் பார்த்து எஸ்எஸ்ஸா என்று சொல்ல முடியாது. 1971இல் 350 இன்ஜினோடும் எஸ்எஸ் கிடைத்தது. தொழிற்சாலையின் பில்ட் ஷீட்தான், அதாவது வண்டியில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று எழுதிய தாள்தான், சாட்சி. என் வண்டியில் அது பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிக் கிடந்தது. துருவேறி, பாதி பொடிந்து போயிருந்தது. இன்ஜின் குறியீடு இருந்த மூலை மட்டும் தப்பியிருந்தது.